சைக்கிளில் மாமல்லபுரம்

மாமல்லபுரத்துக்கு நீங்கள் எத்தனையோ முறை போயிருப்பீர்கள். பஸ்ஸில் போயிருப்பீர்கள், காரில் போயிருப்பீர்கள், பள்ளிக்கூடத்து உல்லாசப் பிரயாணத்தில், புளியோதரைப் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு பாட்டுப் பாடியபடி போயிருப்பீர்கள். ஆனால் திருவான்மியூரிலிருந்து மாமல்லபுரம் வரையில் சாலை எங்கே ஏறுகிறது, எங்கே இறங்குகிறது என்று யாராவது கேட்டால் உங்களால் சொல்ல முடியுமா? "சமுத்திரக் கரைச் சாலைதானே! அதில் ஏறுவதாவது, இறங்குவதாவது!" என்பீர்கள். சைக்கிளில் போய்ப் பாருங்கள். முட்டுக்காட்டுப் பாலம் வந்ததும் உங்கள் முழங்காலே சொல்லிவிடும்.

சென்னையின் தென்பகுதியில் வசிக்கும் சில குடும்பத்தினர் சேர்ந்து ஒரு சைக்கிள் சங்கம் நடத்துகிறார்கள். சங்கம் என்றதும் தலைவர், காரியதரிசி, ஆண்டறிக்கை, பொன்னாடை என்றெல்லாம் எண்ணிப் பயந்துவிட வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் ஒரு தெருமுனையில் கூடுவார்கள். பத்துப் பதினைந்து கிலோமீட்டர் ஓட்டுவார்கள். ஓர் ஓட்டலில் காப்பி சாப்பிட்டுவிட்டுக் கலைவார்கள். வருஷத்துக்கு ஒரு தடவை மட்டும் சனி, ஞாயிறு இரண்டு நாளும் வெளியூர்ப் பிரயாணம். இப்படிச் சேர்ந்து ஊர் சுற்றுவது ஒன்றும் புதிய வழக்கமல்ல. இங்கிலாந்தில் 1878-ம் ஆண்டிலேயே, பெரிய முன்சக்கரமும் சிறிய பின்சக்கரமுமாகச் சைக்கிள்கள் ஓடிய காலத்தில், இதற்கென்றே ஒரு சங்கம் தொடங்கிவிட்டார்கள். அது இன்றும் நடந்து வருகிறது.

தை மாதத்தில் பொங்கல் கழிந்த ஒரு சனிக்கிழமை, இவர்களோடு நானும் மாமல்லபுரம் புறப்பட்டேன். மொத்தம் இருபத்திரண்டு பேர். ஒன்பது பேர் பெண்கள். நாலு பேர் பள்ளிக்கூடப் பிள்ளைகள். சைக்கிள்களைப் பார்க்க வேண்டுமே! ஒரு லட்ச ரூபாய்க்கு மேல் விலையுள்ள, ஒரு விரலால் தூக்கிவிடக்கூடிய வண்டியும் இருந்தது. அதன் பக்கத்திலேயே முன்னால் கூடையும், புடவை மாட்டாமலிருக்கப் பின்சக்கரத்துக்கு வலையும் போட்ட லேடீஸ் சைக்கிளும் நின்றது. லட்ச ரூபாய் வண்டி, தகவல் தொழில்நுட்பக் கம்பெனியில் வேலை பார்க்கும் ஓர் இளைஞருடையது. கூடை வைத்த வண்டி, வேளச்சேரியிலிருந்து வந்திருந்த ஐம்பத்து நாலு வயது அம்மாள் ஒருவருடையது. அதற்குக் கியர் கிடையாது.

காலை மணி ஐந்து. மருந்தீசுவரர் கோயில் பக்கத்தில் எல்லோரும் கூடி நின்றபோது, கூட்டத்தை நடத்திச் செல்லும் பெண்மணி விதிகளைச் சொன்னார். அவர் கல்லூரியில் பௌதிகம் போதிக்கிறவர். ஆகையால் எல்லோருக்கும் அவர் "டீச்சர்"தான்.

"முன்னால் ஒருவர், கடைசியில் ஒருவர். முதல் ஆளைத் தாண்டி யாரும் போகக் கூடாது. கடைசி ஆளுக்குப் பின்னால் யாரும் நிற்கக் கூடாது. ஒருவர் பின் ஒருவராக வரிசை. முன்னால் போகிறவர் குழியைக் கண்டால் 'குழி' என்று கத்த வேண்டும். பின்னால் வருகிறவர் அதை அப்படியே பின்னால் சொல்ல வேண்டும். தலைக்கவசம் இல்லாதவர்கள் இப்போதே வீட்டுக்குப் போகலாம்."

பரீட்சை மண்டபத்தில் கேட்பதுபோல் எல்லோரும் கேட்டுக்கொண்டோம். மூட்டை முடிச்சுக்களை ஒரு வேனில் ஏற்றியாயிற்று. அந்த வேனை ஓட்டிக்கொண்டு வந்தவர் டீச்சருடைய கணவர். "இருபத்தைந்து வருஷமாக இவள் பின்னால்தான் போய்க்கொண்டிருக்கிறேன்" என்றார் அவர், சிரித்தபடி.

இருட்டிலேயே புறப்பட்டோம். முன்னால் வெள்ளை விளக்கு, பின்னால் சிவப்பு விளக்கு. தொலைவிலிருந்து பார்த்தால் கார்த்திகை தீப வரிசை நகர்ந்து போவதுபோல் இருந்திருக்கும். ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தைத் தாண்டும்போது இன்னும் விடியவில்லை. 1966-ம் ஆண்டில் கே.சி.எஸ். பணிக்கரும் அவருடைய மாணவர்களும் சேர்ந்து உண்டாக்கிய இடம் அது. படம் விற்றுப் பிழைப்பது கஷ்டமாக இருந்த நாளில், பாத்திக் துணியும் கைவினைப் பொருள்களும் செய்து விற்று, அந்த வருவாயில் ஓவியம் வரைந்தார்கள். காரில் போகிறபோது கண்ணிமைக்கும் நேரத்தில் மறைந்துவிடும் அந்த வாசல், சைக்கிளில் போனால் இரண்டு நிமிஷம் நம்மோடு கூடவே வருகிறது.

முட்டுக்காட்டில் பொழுது விடிந்தது. 1996-ல் திறக்கப்பட்ட தட்சிணசித்ராவை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். தென்னாட்டுப் பழைய வீடுகளைத் தூணும் உத்தரமுமாகப் பிரித்துக் கொண்டுவந்து மறுபடி நிறுத்தியிருக்கும் அந்த இடத்தைத் தாண்டியதும் பாலம். இடப்பக்கம் கடல், வலப்பக்கம் காயல். அந்தக் காயல் வழியாகத்தான் ஒரு காலத்தில் பக்கிங்காம் கால்வாயின் சரக்குப் படகுகள் மரக்காணம் வரையில் போய் வந்தன. சூரியன் எழும்பி, நீர் முழுவதும் செம்பு உருக்கி ஊற்றினாற்போல் ஆகிவிட்டது. யாரும் நிற்கச் சொல்லவில்லை. ஆனாலும் இருபத்திரண்டு சைக்கிள்களும் நின்றுவிட்டன.

நிற்க. பாலத்தைத் தாண்டிச் சிறிது தூரம் போவதற்குள், "பஞ்சர்!" என்று ஒரு குரல் கேட்டது. லட்ச ரூபாய் வண்டிதான். இளைஞர் பையிலிருந்து புது ட்யூப் எடுத்தார். அழகாக மாட்டினார், காற்றடித்தார். நூறு கஜம் போவதற்குள் மறுபடி காற்று இறங்கிவிட்டது. அவர் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அப்போது வேளச்சேரி அம்மாள் தம் வண்டியை ஸ்டாண்டு போட்டுவிட்டு வந்தார்.

"தம்பி, டயருக்கு உள்பக்கம் விரலை ஓட்டிப் பார்த்தீங்களா?"

"இல்லை ஆன்ட்டி, எதற்கு?"

அம்மாள் பதில் சொல்லாமல், முந்தானைக்குப் பதில் துப்பட்டாவின் நுனியை டயருக்குள் விட்டு மெதுவாகச் சுற்றி இழுத்தார். ஓரிடத்தில் துணி மாட்டிக்கொண்டது. வேலமுள்! தலை உடைந்து டயரிலேயே தங்கியிருந்தது. "முள்ளை எடுக்காமல் எத்தனை ட்யூப் போட்டாலும் இதே கதைதான்" என்று சொல்லி, ஹேர்ப்பின்னால் நெம்பி எடுத்துவிட்டார்.

கோவளத்தில் இட்லியும் பொங்கலும் வந்தன. (கேரளத்துக் கோவளம் அல்ல, நம்முடைய கோவளம். ஏறக்குறைய பாதி வழி.) அங்கேதான் அம்மாளின் கதை வெளிவந்தது. அவர் பிறந்த ஊர் புதுக்கோட்டைப் பக்கம். 1991-ல் அங்கே அறிவொளி இயக்கம் வந்தபோது அவருக்கு இருபது வயது. எழுதப் படிக்கத் தெரியாத பெண்களுக்கு மாலையில் பாடம் சொல்லிக் கொடுக்கும் தொண்டராக அவர் சேர்ந்தார். கிராமத்துக்குக் கிராமம் நடந்து போய்ப் பாடம் சொல்வதென்றால் முடிகிற காரியமா? மாவட்டக் கலெக்டராயிருந்த ஷீலா ராணி சுங்கத், பெண்கள் சைக்கிள் கற்பதையும் இயக்கத்தின் ஒரு பகுதியாக்கிவிட்டார். வயலில் வேலை செய்தவர்கள், கல்குவாரியில் கல் உடைத்தவர்கள், கிராமத்து நர்சுகள் என்று ஆயிரக்கணக்கான பெண்கள் கற்றுக்கொண்டார்கள். 1992-ம் ஆண்டு மகளிர் தினத்தன்று புதுக்கோட்டையில் 1,500-க்கு மேற்பட்ட பெண்கள் சைக்கிளில் ஊர்வலம் போனார்கள்.

"லேடீஸ் சைக்கிளே கிடைக்கவில்லை" என்றார் அம்மாள். "ஆம்பிளை சைக்கிளிலேயே ஏறிவிட்டோம். பிறகு பார்த்தால் அதுவே சௌகரியம். முன்னால் பாரில் குழந்தையை உட்கார வைத்துக்கொள்ளலாமே! ரோட்டோரத்தில் நின்று கேலி பேசினவர்கள் இல்லாமலா? பேசினார்கள். நாங்கள் மணியடித்துக்கொண்டு போய்விட்டோம்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன? கல்யாணம் ஆயிற்று. மெட்ராசுக்கு வந்தேன். முப்பது வருஷம் சைக்கிளைத் தொடவில்லை."

இதைச் சொல்லும்போது அவர் குரலில் வருத்தம் ஒன்றும் இல்லை. வடை ஆறிவிட்டது என்று சொல்வதுபோல் சாதாரணமாகத்தான் சொன்னார். ஆனால் மேஜையைச் சுற்றியிருந்த மற்ற எட்டுப் பெண்களும் ஒரு கணம் பேசாமல் இருந்தார்கள். அவர்களில் பலரிடமும் அதே மாதிரி ஒரு கதை இருந்தது. பத்தாம் வகுப்போடு நின்றுபோன சைக்கிள், தம்பிக்குப் போய்விட்ட சைக்கிள், "இனிமேல் என்ன விளையாட்டு?" என்று மாடியில் ஏற்றி வைத்த சைக்கிள். இரண்டு வருஷத்துக்கு முன் மருமகள் இந்தச் சங்கத்தில் சேர்ந்தாளாம். அவளைப் பார்த்து அம்மாளும் சேர்ந்துவிட்டார். மருமகளுக்கு இப்போது கைக்குழந்தை. ஆகவே மாமியார் மட்டும் வந்திருக்கிறார்!

கோவளத்துக்குத் தெற்கே சாலை ஓரங்களில் பனங்கிழங்கை அவித்துக் கட்டுக் கட்டாக விற்றார்கள். ஆளுக்கு ஒன்றாகத் தின்றுகொண்டே முதலைப் பண்ணைக்குப் போய்ச் சேர்ந்தோம். ரோமுலஸ் விட்டேகர் 1976-ல் தொடங்கிய பண்ணை இது. நம் நாட்டு முதலை இனங்கள் அழிந்துவிடாமல் காப்பாற்ற ஏற்பட்டது. பிள்ளைகள் நால்வரையும் அங்கிருந்து கிளப்புவதற்குள் போதும் போதுமென்று ஆகிவிட்டது. "முதலை அசையவே இல்லையே!" என்றான் ஒரு பையன். "நீயும் அரை மணியாக அசையவில்லை. அது உன்னைப் பற்றி அதையேதான் நினைத்திருக்கும்" என்றார் டீச்சர்.

பதினொரு மணிக்கு மாமல்லபுரம். சுமார் ஐம்பது கிலோமீட்டர் முடிந்தது. குளித்துச் சாப்பிட்டு, ஒரு தூக்கம் போட்டுவிட்டு, சாயங்காலம் ஊரைச் சுற்றினோம். 1984-ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களில் சேர்க்கப்பட்ட ஊரைப் பற்றி நான் புதிதாக என்ன சொல்லப் போகிறேன்? ஒன்றே ஒன்று சொல்கிறேன். எல்லோரும் அர்ச்சுனன் தபசையும் அதில் தவக்கோலத்தில் நிற்கும் பூனையையும் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். பக்கத்திலேயே இருக்கும் கிருஷ்ண மண்டபத்துக்குள் போங்கள். ஒருவன் பால் கறக்கிறான். பசு கன்றை நக்குகிறது. ஒரு பெண் தலையில் சுமையோடு நடக்கிறாள். கண்ணன் மலையைத் தூக்கி நிற்கும் அதே கல்லில், வீட்டு வேலைகளுக்கும் இடம் கொடுத்திருக்கிறான் சிற்பி. கால் வலியோடு போய்ப் பார்த்தால், அந்தச் சுமையின் கனம் கொஞ்சம் கூடுதலாகவே தெரிகிறது.

இரவு ஏழு மணியிலிருந்து கைப்பேசிகள் ஒலிக்கத் தொடங்கின. "தோசை மாவு எங்கே?" "கேஸ் ரெகுலேட்டர் எந்தப் பக்கம் திருப்புவது?" "பாப்பாவின் நீல ஸ்வெட்டர் எங்கே?" வேளச்சேரி அம்மாளுக்கு அவருடைய கணவரிடமிருந்து மூன்று முறை அழைப்பு வந்தது. மூன்றாவது தடவை அவர் கேட்டது மாவையும் அல்ல, ஸ்வெட்டரையும் அல்ல. "நாளைக்கு வாடைக்காற்று எதிர்க்காற்றாக அடிக்குமாமே, உன்னால் முடியுமா? பேசாமல் நான் காரை எடுத்துக்கொண்டு வந்துவிடட்டுமா?" என்றாராம். "வேண்டாம்" என்று அம்மாள் சொல்லிவிட்டார். சொல்லிவிட்டாரே தவிர, படுக்கப் போகும் முன் டீச்சரிடம் வந்து, "காற்று பலமாக இருக்குமா?" என்று கேட்டார்.

பலமாகத்தான் இருந்தது. முதல் நாள் நம்மைத் தெற்கே தள்ளிக்கொண்டு வந்ததே, அதே காற்றுதான். ஓட்டிக்கொண்டு வந்தபோது அதை யாரும் கவனிக்கவில்லை. எல்லாம் நம்முடைய கால் பலம் என்றே நினைத்துக்கொண்டோம். ஞாயிற்றுக்கிழமை வடக்கே திரும்பியதும் விஷயம் விளங்கிவிட்டது.

சாளுவன்குப்பம் வரையில் ஒன்றும் தெரியவில்லை. புலிக்குகை என்று சொல்லும் யாளிக் குகையையும், அதற்கு அருகில் உள்ள முருகன் கோயிலையும் பார்த்தோம். 2004 டிசம்பர் 26-ம் தேதி ஆழிப்பேரலை வந்து மணலை அரித்துப் போனபின், இங்கே பாறையில் பழைய கல்வெட்டுக்கள் தெரிந்தன. அதைத் துப்பாகக் கொண்டு 2005-ல் தொல்பொருள் துறையினர் தோண்டியபோது, செங்கல்லால் கட்டிய பழங்காலக் கோயிலின் அடித்தளமும் கல்லால் செய்த ஒரு வேலும் கிடைத்தன. எத்தனையோ வீடுகளை வாரிக்கொண்டு போன அலை, ஒரு கோயிலைக் காட்டிக் கொடுத்திருக்கிறது.

அதற்குப் பிறகு காற்று. டீச்சர் பௌதிக ஆசிரியை அல்லவா? கோவளத்தில் காப்பி சாப்பிடும்போது விளக்கினார்: "காற்று இரண்டு மடங்கு வேகமாக நம்மேல் மோதினால், அது தடுக்கிற பலம் இரண்டு மடங்கு அல்ல, நாலு மடங்கு. ஆனால் ஒருவர் பின்னால் ஒருவர் ஒட்டிப் போனால், முன்னால் போகிறவர்தான் அதை வாங்கிக்கொள்கிறார். பின்னால் வருகிறவருக்கு உழைப்பு குறைந்துவிடும்."

விளக்கம் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் முட்டுக்காட்டுப் பாலத்தை நெருங்கும்போது, வேளச்சேரி அம்மாள் வரிசையிலிருந்து பத்தடி பின்தங்கினார், பிறகு ஐம்பதடி, பிறகு நூறடி. ஒட்டி வந்தால்தானே நிழல்? ஒருமுறை விட்டுவிட்டால் தனியாகத்தான் காற்றோடு மல்லுக்கு நிற்க வேண்டும். கியர் இல்லாத வண்டி வேறு. பாலத்தின் அடியில் இறங்கி, வண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். வரிசையும் நின்றது. லட்ச ரூபாய் வண்டி இளைஞர் திரும்பி வந்தார்.

"ஆன்ட்டி, வேன் பின்னாலேயே வருகிறது. ஏறிக்கொள்ளுங்கள். சைக்கிளை நாங்கள் ஏற்றிவிடுகிறோம்."

நல்ல எண்ணத்தோடுதான் சொன்னார். அம்மாள் சற்று நேரம் மூச்சு வாங்கினார்.

"ஏறலாம் தம்பி. ஏறினால் வீட்டில், 'நான்தான் அப்போதே சொன்னேனே' என்பார்கள். அடுத்த வருஷம் நான் வாயைத் திறக்க முடியாது. அதற்கு இந்தக் காற்றே தேவலை."

டீச்சர் வந்தார். "வேனில் ஏறுவது கௌரவக் குறைச்சல் இல்லை. அதற்காகத்தானே வருகிறது? உண்மையைச் சொல்லுங்கள் அக்கா. வலியா, களைப்பா? முழங்காலிலோ நெஞ்சிலோ ஏதாவது வலி இருந்தால் ஏறித்தான் ஆக வேண்டும்."

"வலி இல்லை. களைப்புதான்."

"அப்படியானால் வரிசையை மாற்றுவோம்."

உயரமான, தோள் அகன்ற இரண்டு பேரை முன்னால் விட்டார். மூன்றாவது இடத்தில் அம்மாள். அவருக்குப் பின்னால் பிள்ளைகள். மற்றவர்கள் அதற்குப் பின்னால். மணிக்கு இருபது கிலோமீட்டர் போய்க்கொண்டிருந்த கூட்டத்துக்குப் பதின்மூன்று என்று கணக்கு வைத்தார். முதல் ஆளாகப் போக வேண்டியவர் யார் தெரியுமா? நம் லட்ச ரூபாய் வண்டி இளைஞர்தான்!

"இவ்வளவு மெதுவாகப் போனால் வண்டி விழுந்துவிடும், டீச்சர்!"

"விழாமல் ஓட்டப் பழகு. வேகமாக ஓட்ட உனக்கு ஏற்கெனவே தெரியும்."

முதல் இரண்டு கிலோமீட்டர் அவருக்கு வேதனையாகத்தான் இருந்திருக்கும். பழக்கதோஷத்தில் முன்னால் ஓடுவார், பின்னாலிருந்து "மெது...வா!" என்று பிள்ளைகள் கூவுவார்கள். பிறகு அவரே இரண்டு நிமிஷத்துக்கு ஒருமுறை திரும்பிப் பார்க்கலானார். அம்மாளின் முன்சக்கரம் எங்கே இருக்கிறதென்று பார்த்து, அதற்குத் தகுந்தாற்போல் மிதித்தார். "குழி!" என்றார். "மணல்!" என்றார். உத்தண்டி வருவதற்குள் இருவருக்கும் தாளம் சேர்ந்துவிட்டது. அம்மாள் கூடையிலிருந்து ஒரு பனங்கிழங்கை எடுத்துக் கடித்துக்கொண்டே ஓட்டினார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்!

இந்த வேகத்தால் நாங்கள் இழந்தது என்ன? முக்கால் மணி நேரம். ஒன்பதரைக்குப் பதில் பத்தேகாலுக்குத் திருவான்மியூர் வந்து சேர்ந்தோம். இருபத்திரண்டு பேர் போனோம். இருபத்திரண்டு பேரும் சைக்கிளிலேயே திரும்பினோம்.

கோயில் பக்கத்தில் அம்மாளின் கணவர் காரோடு காத்திருந்தார். பூட்டுக்குப் பின்னால் சைக்கிளைக் கட்டுவதற்குக் கயிறுகூட வாங்கி வைத்திருந்தார். "ஏறு, களைத்துப் போயிருப்பாய்" என்றார். "இன்னும் வேளச்சேரி வரையில்தானே? நான் இதிலேயே வந்துவிடுகிறேன்" என்றார் அம்மாள். அவர் கயிற்றைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார். பிறகு ஒன்றும் சொல்லாமல் காரில் ஏறி, சைக்கிளுக்குப் பின்னால் மெதுவாக ஓட்டிக்கொண்டு போனார். பின்னால் வந்த வண்டிகள் ஹாரன் அடித்ததை அவர் லட்சியம் செய்யவில்லை.

இதைப் படித்துவிட்டு உங்களுக்கும் ஆசை பிறந்தால், முதலில் சைக்கிள் வாங்கக் கடைக்கு ஓடாதீர்கள். வீட்டில் இருக்கும் சைக்கிளைத் துடைத்து, பிரேக்கையும் செயினையும் பார்க்கச் சொல்லுங்கள். ஸீட்டின் உயரம் முக்கியம். குதிகாலைப் பெடலில் வைத்துக் கீழே மிதித்தால் கால் நேராக நீள வேண்டும். ஸீட் தாழ்ந்திருந்தால் முழங்கால்தான் தண்டனை அனுபவிக்கும். ஒரு மாதம் வாரா வாரம் பத்து, இருபது, முப்பது என்று தூரத்தைக் கூட்டிக்கொண்டே போங்கள். முழங்கால், நெஞ்சு இவற்றில் தொந்தரவு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டுக்கொள்வது நல்லது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் விடுமுறை நாட்களில் கார்கள் பறக்கும். ஆகவே இருட்டோடு கிளம்பி, வெயில் ஏறுவதற்குள் போய்ச் சேருங்கள். மாற்று ட்யூப், பம்பு, பஞ்சர் சாமான், தலைக்கவசம், இரண்டு பாட்டில் தண்ணீர் கட்டாயம் வேண்டும். வெள்ளிக்கிழமை இரவே, தோசை மாவு இருக்கும் இடத்தை வீட்டில் எல்லோருக்கும் காட்டிவிடுங்கள்.

கடைசியாக ஒன்று. புறப்படும் முன், உங்கள் கூட்டத்தில் எல்லோரிலும் மெதுவாக ஓட்டுகிறவர் யார் என்று தெரிந்துகொள்ளுங்கள். எத்தனை மணிக்குப் போய்ச் சேருவோம் என்பதை அவரைக் கேட்டு முடிவு செய்யுங்கள்.